கெளிற்றுத் தலைகள்

மாரியில் முகத்துவாரம் வெட்டியபோது உள்ளே வந்தது.
பங்குனியில் மணல் வாயை மூடிக்கொண்டது.
இடையில் வாவி முழுக்க வெள்ளத் தண்ணீர்,
உன்னிச்சையும் நவகிரியும் திறந்துவிட்ட
வயல்மண் நிறத் தண்ணீர்,
நாக்கில் வைத்தால் உப்புப் படாது.
கடல் ஓங்கில் ஒன்று அதற்குள்
ஆற்று ஓங்கிலாக நூறு நாள் இருந்தது.

பிறகு பாலமீன்மடுவில்,
வெளிச்சவீட்டுக்கு இந்தப் பக்கம்,
வயிறு மேலாக.

டொக்டர் துஷ்யந்தினி அறுக்கிறார்.
நான் எழுதுகிறேன்.
மேசைக்கு உடைந்த வள்ளத்தின் பலகை.
காகங்களை விரட்ட ஒரு பொடியன்,
கூலி ஒரு சோடா.

மெல்லாது என்றார் டொக்டர்.
பல் பிடிக்க மட்டும்.
தலைப்பக்கமாய் விழுங்கும்,
செட்டையும் முள்ளும் தாமாகப் படிந்துகொள்ள.
தண்ணீரும் குடிக்காது;
தின்ற மீனின் ஈரம்தான் அதற்குக் குடிநீர்.

சதை கரைந்தபின் மிஞ்சுவது செவிக்கல்.
மீன்தலைக்குள் சோடியாக இருக்கும்,
குறுநொய் அளவு, குறுநொய் நிறம்.
மீன் கேட்பது அதைக்கொண்டு.
கலங்கலில் ஓங்கில் இரை தேடுவதும்
சத்தம் அனுப்பி, திரும்பியதைக் கேட்டு.
கேட்டுப் பிடித்ததன் வயிற்றில்
கேட்பதற்கென்றே இருந்த கற்கள்.
சல்லடையில் அலசும்போது
அவை அரிசிபோலத்தான் சத்தமிட்டன.

வலது கல், இடது கல் எனப் பிரித்தோம்.
திரளி நாற்பத்தொன்று.
மணலை பதினேழு.
காரல், எண்ணி அலுத்துப்போய் நிறுத்துப் பார்த்தோம்.
திலாப்பியா ஒன்பது.
இரைப்பை மடிப்பில் சிக்கி ஒரு கணவாய் அலகு,
கடலில் தின்ற கடைசிச் சாப்பாடாக இருக்கலாம்.
கெளிறு இல்லை.
"முள்ளுக்குப் பயந்திருக்கும்" என்றார் டொக்டர்.
கெளிறு: 0. எழுதினேன்.

ஆதம்லெவ்வை அதுவரை
தோணியடியில் குந்திக்கொண்டிருந்தார்.
எழுந்துபோய் ஒரு சொப்பிங் பையோடு வந்தார்.
"இல்லையெண்டு எழுதிட்டீங்களா புள்ள?"

பலகையில் கொட்டினார்.
உப்புப் போட்டுக் காயவைத்த கெளிற்றுத் தலைகள்,
இருபத்தாறு,
மீசை முறுகி.
பின்கழுத்தில் கத்தி பட்டதாகத் தெரியவில்லை.
டொக்டர் ஒன்றை எடுத்து
செத்த தாடைக்குள் வைத்துப் பார்த்தார்.
பொருந்தியது.

முள் நிற்கும் முன்பாதியைக் கடித்துக் கழித்துவிட்டு
வால்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறது.
தலை உள்ளே போகவில்லை, ஆகவே கல்லும் போகவில்லை.
எங்கள் கணக்கில் அந்தக் கெளிறுகள்
இன்னும் வாவியில் நீந்திக்கொண்டிருந்தன.

"வெள்ளத்துக்கு வலை போட ஏலா.
சுபஹு தொழுதுட்டுத் தோணியில போவன்.
சேத்துக்குடாப் பக்கம் தலையெல்லாம் மிதந்து வரும்,
செவுள் இன்னும் அசைஞ்சுகொண்டு.
அள்ளிக்கொண்டு வந்து ஆணம் காய்ச்சுவம்.
அது மிச்சம் விட்டதைத்தான் மூணு மாசம் திண்டம்."

வாலடியில் நைலோன் தடம் ஒன்று இருந்தது.
இரண்டு கண்ணி அகலம்.
டொக்டர் அளந்தார், சொன்னார், எழுதினேன்.
ஆதம்லெவ்வை தொப்பியைக் கழற்றி
உதறி
மறுபடி போட்டார்.
வெள்ளம் எப்போது வடிந்தது என்று
நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கெளிறு தின்றிருக்கும்?
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது.
ஆர் எண்ணினது என்றார்.
பிறகு விரல் மடக்கினார்.
"நானும் பெண்சாதியும். தங்கச்சி. புள்ளையள் நாலு.
ஆளுக்கொரு தலை."

பூச்சியத்தின் மேல் கோடிழுத்து
ஏழு என்று போட்டேன்.

"சில நாள் எட்டு" என்றார்.
"பூனை ஒண்டு நிக்கிது."